சாயும் வண்டியும் தடுக்கும் கம்பியும்

வாகனம் வாங்குவது பெரிதன்று. வாங்கியதை முறையறிந்து பேணுவதே பெரிது. கார் என்பது செல்வந்தர் வீட்டு வாசலுக்கு மட்டுமே உரியதாக இருந்த காலம் போய்விட்டது. மருத்துவமனைக்குச் செல்லவும், மணவீட்டுக்குச் செல்லவும், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளையை விமான நிலையத்தில் எதிர்கொண்டு அழைத்து வரவும் குடும்பம் முழுவதும் ஏறிச் செல்லும் ஊர்தியாக அது மாறிவிட்டது. ஆகவே அதன் உறுப்புகளுள் ஒன்றை மாற்ற முற்படும்போது, அம்மாற்றம் ஓட்டுபவருக்கு என்ன தருகிறது என்பதோடு, பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் உம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் என்ன தருகிறது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்காலத்தில் வாகன ஆர்வமுள்ள இளைஞர்கள் விரும்பிச் செய்யும் மாற்றங்களுள் ஒன்று, தடித்த ‘ஸ்டெபிலைசர் பார்’ பொருத்துவது. “வாப்பா, வளைவில் வண்டி படகு போலச் சாய்கிறது. தடித்த பார் ஒன்று போட்டுவிட்டால் பந்தயக் கார் போலத் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும்” என்று மகன் சொல்வான். “எவ்வளவு ஆகும்?” என்று தந்தை கேட்பார். விலையைக் கேட்பது நியாயந்தான். எனினும் அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: “அது எதைத் தருகிறது? பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது?” இம்மாத விளக்கம் அந்தக் கேள்வியைப் பற்றியதே.

கம்பி செய்யும் வேலை

அமெரிக்கர் இதனை ‘ஸ்வே பார்’ என்பர். ஆங்கிலேயர் ‘ஆன்ட்டி ரோல் பார்’ என்பர். நம் ஊர்ப் பட்டறைகளில் ‘ஸ்டெபிலைசர் பார்’ என்றால் விளங்கும். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. காரின் அடியில், ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கச் சக்கரம் வரை குறுக்காக ஓடும் எஃகுக் கம்பி அது. நடுப்பகுதி நேராக இருக்கும். இரு நுனிகளும் ஒரே திசையில் மடங்கியிருக்கும். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் வண்டியின் உடலோடு பிடித்துக்கொள்கின்றன. நுனிகள் ‘லிங்க்’ எனப்படும் சிறு தண்டுகள் வழியாக இருபக்கச் சக்கரங்களின் அமைப்போடு இணைகின்றன.

வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. வெளிப்பக்கச் சக்கரம் உடலை நோக்கி மேலேறுகிறது. உட்பக்கச் சக்கரம் கீழிறங்குகிறது. அப்போது கம்பியின் ஒரு நுனி மேலும் மறு நுனி கீழுமாக இழுபடுவதால், அதன் நடுப்பகுதி முறுக்குண்கிறது. துவைத்த துணியைப் பிழியும்போது இரு கைகளும் எதிரெதிர்த் திசையில் திருகுகின்றனவே, அது போன்ற முறுக்கு. துணி முறுங்கிய நிலையிலேயே நிற்கும். எஃகோ பழைய நிலைக்கு மீள முயலும். அந்த முயற்சியே சாய்வைக் குறைக்கிறது. ஆக, இதுவும் ஒரு வகை ஸ்பிரிங்தான். இரு சக்கரங்களுக்குப் பொதுவான ஸ்பிரிங்.

இரண்டு சக்கரங்களும் ஒருசேர மேலேறினால் என்ன நிகழும்? வேகத்தடையை நேராகக் கடக்கும்போது அதுதான் நிகழ்கிறது. அவ்வேளையில் கம்பி முறுக்குண்பதில்லை; புஷ்களுக்குள் சற்றே உருண்டு கொடுத்துவிடுகிறது. இதனால்தான் வாகனப் பொறியாளர்கள் இதனை விரும்புகின்றனர். மேடு பள்ளங்களைத் தாங்கும் ஸ்பிரிங்குகளை மென்மையாக வைத்துக்கொண்டே வளைவில் சாய்வதை மட்டும் அடக்குவதற்கு இது வழி செய்கிறது. சிக்கனமான ஏற்பாடு, அழகான ஏற்பாடும்கூட.

சிறு தடிமன், பெரு மாற்றம்

கடையில் விற்கும் பார், தொழிற்சாலைப் பாரைக் காட்டிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டரே தடித்திருக்கும். “இவ்வளவுதானா?” என்று தோன்றும். கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. உருண்டையான முழுக்கம்பியின் முறுக்கு எதிர்ப்பு, அதன் விட்டத்தின் நான்காம் மடிப்புக்கு ஏற்ப வளர்கிறது. 20 மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பதிலாக அதே வடிவில் 22 மில்லிமீட்டர்க் கம்பியைப் பொருத்தினால், விட்டம் பத்தில் ஒரு பங்கே கூடுகிறது; விறைப்போ 46 விழுக்காடு கூடுகிறது. 24 மில்லிமீட்டர்க் கம்பியாயின் விறைப்பு இரு மடங்கைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு, வண்டியின் குணத்தையே மாற்றிவிடக்கூடியது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

சுகம் குறைவது எங்கே?

“பார் தடித்தால் வண்டி தூக்கிப் போடும்” என்பது ஒரு சாரார் சொல். “பயணச் சுகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது” என்பது மறுசாரார் சொல். இரண்டிலும் பாதி உண்மை உள்ளது. செப்பனிட்ட நெடுஞ்சாலையிலும், இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும் இடங்களிலும் மாற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும் சாலையை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் தார் பெயர்ந்திருக்கும்; வலப்பக்கம் சீராக இருக்கும். அங்கே இடச்சக்கரம் வாங்கும் அதிர்ச்சியைப் பார் வலப்பக்கத்துக்கும் கொண்டு சேர்க்கிறது. தனித்தனியே இயங்க வேண்டிய இரு சக்கரங்கள், கைகளைக் கட்டிப்போட்டவர்களைப் போல ஒன்றையொன்று இழுக்கின்றன. அமர்ந்திருப்போரின் தலை இடமும் வலமுமாகச் சட்டென்று ஆடுகிறது. உயரமான வண்டிகளில் தலை இருக்கும் மட்டம் மேலே இருப்பதால் இந்த ஆட்டம் மிகுதியாக உணரப்படும். கழுத்து வலியுள்ள முதியவருக்கும் மடியில் உறங்கும் குழந்தைக்கும் அது துன்பமே.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்பவே ஷாக் அப்சார்பரின் வலிமை தொழிற்சாலையில் வகுக்கப்படுகிறது. பாரை மட்டும் தடிக்கச் செய்துவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்திருந்தால், சாய்வின் அளவு குறையும். ஆனால் பக்கவாட்டு ஆட்டம் விரைவாகி, அடங்கச் சற்று மிகுதியாக ஆடும்.

கரடுமுரடான நிலத்தில் இந்தக் கட்டு எவ்வளவு இடையூறு என்பதை உற்பத்தியாளர்களே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். 2007 மாடலில் இருந்து ஜீப் ராங்லர் ரூபிகான் வண்டியில், முன்புற பாரின் இணைப்பை ஒரு பொத்தானை அழுத்தி விடுவிக்கும் வசதி தரப்பட்டது. பாறைகளின் மீது மெல்ல ஏறும்போது சக்கரங்கள் தத்தம் போக்கில் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 7 வரிசைக் காருக்கு, வளைவில் விறைத்து நேர்ச்சாலையில் தளரும் பார் ஒன்றை எண்ணெய் அழுத்தத்தால் இயங்குமாறு அமைத்தது. இத்தனை செலவு எதற்காக? சாதாரணக் கம்பி ஒன்றால் இரு நன்மைகளையும் முழுமையாகத் தர இயலாது என்பதற்காகத்தானே!

பிடிப்பு கூடுகிறதா?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். “சாய்வு குறைந்தால் சாலையில் பிடிப்பு கூடிவிடும்” என்று பலரும் நம்புகின்றனர். வளைவில் வண்டியின் எடையில் ஒரு பகுதி உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மாறும் மொத்த அளவை முடிவு செய்பவை மூன்று: வண்டியின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது, இடவலச் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம். இவற்றில் எதையும் பார் மாற்றுவதில்லை. அந்தச் சுமை மாற்றத்தில் முன் சக்கரங்களின் பங்கு எவ்வளவு, பின் சக்கரங்களின் பங்கு எவ்வளவு என்பதையே அது மாற்றுகிறது.

மணவீட்டில் பிரியாணி தேக்ஸாவை நீண்ட கம்பில் கோத்து இருவர் தூக்கிச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். தேக்ஸாவை முன்னவர் பக்கம் நகர்த்தினால் பின்னவருக்கு இலகுவாகும், முன்னவருக்குப் பளுவாகும். பிரியாணியின் எடையில் ஒரு கரண்டிகூடக் குறையாது. பாரின் வேலையும் அத்தகையதே.

டயரின் இயல்பு ஒன்றை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். அதன் மீது சுமை இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்காகாது. அதற்குக் குறைவாகவே கூடும். ஆகவே இரு சக்கரங்கள் சுமையைச் சமமாகப் பகிரும்போது கிடைக்கும் பிடிப்பு, ஒன்று அழுந்தி மற்றொன்று தூக்கிக்கொள்ளும்போது கிடைப்பதில்லை. எந்தப் பக்கம் பார் தடித்ததோ, அந்தப் பக்கமே முதலில் பிடியிழக்கும். முன்னால் தடித்த பார் போட்டால், வண்டி நீங்கள் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளியே ஒதுங்கிச் செல்லும் இயல்பு கூடும். பின்னால் தடித்த பார் போட்டால், மூக்கு விரைவாகத் திரும்பும்; ஆனால் வால் வெளியே வீசும் இயல்பு கூடும்.

இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. இயல்பாகவே வளைவில் வெளியே ஒதுங்குபவை. ஆதலால் பின்புற பார் போட்டவுடன் “வண்டி சொன்னபடி திரும்புகிறது” என்ற மகிழ்ச்சி உண்டாகிறது. அது உண்மையே. ஆனால் உற்பத்தியாளர் அந்த ஒதுங்கும் இயல்பை அறியாமல் விட்டுவைக்கவில்லை. முன்பக்கம் வழுக்கினால், அஞ்சிய ஓட்டுநர் இயல்பாகச் செய்வது ஆக்ஸிலரேட்டரை விடுவது. வண்டி தானே வழிக்கு வந்துவிடும். வால் வழுக்கினாலோ, அதே செயல் வண்டியைச் சுழற்றிவிடக்கூடும். மழை பெய்த சாலையில், வளைவின் நடுவே, கைதேர்ந்தவரால் மட்டுமே அதனை மீட்க இயலும். அந்த வண்டியை நாளை ஓட்டப் போவது யார்? தம்பியா, மருமகளா, ஊருக்கு வந்த மாமாவா?

ஒரு காரின் வரலாறு

எந்த முனையில் என்ன செய்கிறோம் என்பது உயிர்ப் பிரச்சினையாக முடியும் என்பதற்கு, அமெரிக்காவின் ஷெவர்லே கோர்வேர் கார் சான்றாக நிற்கிறது. 1960-ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த அக்காரின் எஞ்சின் பின்புறம் இருந்தது. எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்கள் மீது. அந்தப் பின்சக்கரங்களின் அச்சுத் தண்டுகளோ நடுவில் மட்டுமே மூட்டுடையவை. கடும் வளைவில் உடல் மேலெழும்பினால் சக்கரம் உட்புறமாக மடங்கிப் பிடியிழக்கக்கூடிய அமைப்பு. முன்புறத்தில் ஒரு ஸ்டெபிலைசர் பார் இருந்திருந்தால் சுமை மாற்றத்தின் பெரும்பங்கை முன்சக்கரங்கள் ஏற்று, பின்சக்கரங்களுக்கு ஆறுதல் கிட்டியிருக்கும். ஆனால் முதல் நான்கு ஆண்டு மாடல்களில் அந்தக் கம்பி எல்லா வண்டிகளிலும் பொருத்தப்படவில்லை. அதற்கு மாற்றாகக் காற்றழுத்தத்தில் வேறுபாடு விதித்தார்கள்: முன் டயர்களில் 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு. நான்கு டயர்களிலும் ஒரே அளவாகக் காற்று நிரப்பிப் பழகிய ஊரில் அந்த விதி எத்தனை பேருக்கு நினைவிருந்திருக்கும்?

1964 மாடலில் முன்புற பார் எல்லா வண்டிகளிலும் இடம்பெற்றது. பின்புறத்திலோ பார் போடவில்லை. குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங்கை அமைத்தனர். சக்கரங்கள் மடங்குவதை அது தடுக்கும். ஆனால் பின்புறச் சாய்வு எதிர்ப்பைக் கூட்டாது. ‘சாயும் வண்டிக்குப் பின்னால் ஒரு தடித்த பார்’ என்று அன்று எவரேனும் எண்ணியிருந்தால், நோயை வளர்த்திருப்பார்கள். மருந்து ஒன்றே, எங்கே இடுகிறோம் என்பதில்தான் நலமும் கேடும்.

1965-இல் ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்ற நூலை வெளியிட்டு, அதன் முதல் அத்தியாயத்திலேயே கோர்வேரைக் கடுமையாகச் சாடினார். அவரைப் பின்தொடர்ந்து துப்பறிய ஆள் வைத்ததற்காக, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத் தலைவர் 1966 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ஜான் டிலோரியனின் நினைவுகளைக் கொண்டு 1979-இல் வெளிவந்த நூலொன்று, கோர்வேரை நிலைப்படுத்தும் உறுப்புக்குக் காருக்கு ஏறத்தாழ 15 டாலரே செலவு என்றும், அதுவும் மிகையென முதலில் மறுக்கப்பட்டது என்றும் கூறுகிறது.

நீதிக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு பழைய கோர்வேர்களைச் சோதித்து 1972-இல் வெளியிட்ட அறிக்கை, அதே காலத்திய பிற கார்களைவிட அது கட்டுப்பாட்டை இழக்கும் வாய்ப்பு அசாதாரணமாக மிகுந்தது அன்று என்று முடிவு கூறியது. ஆயினும் 1969-இலேயே அக்காரின் உற்பத்தி நின்றுபோயிருந்தது.

கவிழ்வதைத் தடுக்குமா?

“சாய்வு குறைந்தால் கவிழும் அச்சம் குறையும் அல்லவா?” என்று தாய்மார்கள் கேட்பர். கவிழும் வாய்ப்பைப் பெரிதும் முடிவு செய்பவை எடைமையத்தின் உயரமும் சக்கரங்களின் இடையகலமும் ஆகும். தடித்த பார் இவ்விரண்டையும் தொடுவதில்லை. கூரை மீது கேரியர் வைத்து மூட்டை முடிச்சுகளை அடுக்கினால் எடைமையம் உயர்கிறது. அதே சாமான்களை உள்ளே தாழ்வாக வைத்தால் இறங்குகிறது. காசு செலவில்லாத அந்த மாற்றம், கவிழ்வதைத் தடுப்பதில் விலையுயர்ந்த பாரைவிட மேலானது.

1997 அக்டோபரில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய ஏ-கிளாஸ் கார், ஸ்வீடன் நாட்டு வாகன இதழ் ஒன்று நடத்திய சோதனையில் கவிழ்ந்தது. சாலையில் திடீரெனக் குறுக்கிடும் மானை விலக்குவது போல வண்டியை வெட்டித் திருப்பும் சோதனை அது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்திவைத்துச் சக்கர அமைப்பைத் திருத்தியது. அத்தோடு நில்லாமல், சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் மின்னணுக் கருவியையும் எல்லா ஏ-கிளாஸ் வண்டிகளிலும் சேர்த்தது. தேர்ந்த பொறியாளர்களே ஒரு கம்பியை மட்டும் நம்பியிருக்கவில்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. வண்டி சாய்வது ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கை. வளைவில் உடல் சாயும்போது “வேகம் மிகுதி” என்று மனம் சொல்கிறது. கால் தானே தளர்கிறது. அந்த எச்சரிக்கையை நீக்கிவிட்டால், டயரின் எல்லை இருந்த இடத்திலேயே இருக்க, ஓட்டுநரின் துணிவு மட்டும் வளர்ந்துவிடும்.

மாற்றுவதற்கு முன்

அப்படியாயின் தடித்த பார் வேண்டவே வேண்டாமா? அவ்வாறு சொல்வது முறையாகாது. மலைப்பாதையில் அடிக்கடி செல்வோருக்கும், வளைவுச் சாய்வால் குமட்டல் கொள்ளும் சிலருக்கும் அளவோடு கூட்டிய பார் நன்மையே தரும். எனினும் பட்டறைக்குச் செல்லும் முன் வரிசையாகச் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, டயர்களின் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணையில் ஆள் நிறைந்த வண்டிக்கு உரிய அளவு குறிக்கப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த வண்டி வளைவில் தள்ளாடும். அதற்கு மருந்து காற்றே.

இரண்டாவது, பழைய பாரின் புஷ்களும் லிங்குகளும். பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்று ஒலி வருகிறதா? தேய்ந்த லிங்க் அவ்வாறு ஒலிக்கும். அது தேய்ந்திருந்தால் பார் இருந்தும் தன் வேலையை முழுமையாகச் செய்யாது. புதிய தொழிற்சாலை உறுப்புகளை மாற்றினாலே, வாங்கிய நாளில் இருந்த உறுதி திரும்பிவிடக் காணலாம்.

மூன்றாவது, ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு தடித்த பார் போடுவது, ஓட்டைக் குடத்துக்கு வண்ணம் தீட்டுவதை ஒக்கும்.

இவை யாவும் சீராக இருந்தும் சாய்வு மிகுதி என்று தோன்றினால், ஒரு படி மட்டும் தடித்த பாரைத் தேர்ந்தெடுங்கள். முன்புறத்துக்கா, பின்புறத்துக்கா, என்ன காரணத்துக்காக என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள். “போட்டால் நன்றாயிருக்கும்” என்பது விடையாகாது. பார் பற்றிக்கொள்ளும் இடத்தின் தகடு அந்தக் கூடுதல் விசையைத் தாங்குமா என்பதையும் கேளுங்கள். மின்னணு நிலைப்படுத்தும் கருவி உள்ள வண்டியாயின், அது பழைய பாருக்கு ஏற்ப அமைக்கப்பட்டது என்பதை மறவாதீர்கள். மாற்றத்தைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது பின்னாள் வழக்கைத் தவிர்க்கும். பொருத்திய பின், ஆளில்லாத சாலையில் மெல்ல ஓட்டிப் பழகுங்கள். முதல் மழை நாளில் இரு மடங்கு கவனம் கொள்ளுங்கள்.

இறுதியில் தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஓட்டுபவரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் வளைவை முன்கூட்டியே அறிகிறார். அவர் உடல் அதற்கு ஆயத்தமாகிறது. பின்னால் அமர்ந்தவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவே குடும்பத்தாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, நம் தெருவின் பழுதுபட்ட பாதையிலேயே ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுளிக்காமல் இறங்கினால் பார் பொருத்தமானது. சுளித்தால், கழற்றிவைத்த பழைய கம்பியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்தியிருப்பது நன்று!